அடிப்பலகை சொல்லும் சேதி

பழைய மரப்பெட்டிகளைச் சேகரிப்போர், விற்போர், பழுதுபார்ப்போர் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

பழம்பொருள் சந்தையில் ‘டிராம்ப் ஆர்ட்’ என்ற பெயரில் விலைபோகும் மரப்பெட்டிகள் பெரும்பாலும் காலியான சுருட்டுப் பெட்டிகளின் பலகையில் உருவானவை. மெல்லிய பலகை ஒன்றின் ஓரம் நெடுக ‘வி’ வடிவில் பல் வெட்டுவார்கள். அதைவிடச் சற்றே சிறிய பலகைக்கும் அதேபோல் பல் வெட்டி, முதல் பலகையின் மேல் ஒட்டுவார்கள். அதன்மேல் இன்னும் சிறியது. இப்படிக் கொலுப்படி போல ஏறிச் சிறுத்துக்கொண்டே போகும் அடுக்குகள்தாம் இப்பெட்டிகளின் அடையாளம். 1870கள் தொடங்கி 1940கள் வரை அமெரிக்காவிலும் கனடாவிலும், ஜெர்மனி முதலான ஐரோப்பிய நாடுகளிலும் இவை செய்யப்பட்டன. அமெரிக்காவில் கிடைப்பவையே எண்ணிக்கையில் அதிகம். எழுத்தும் ஆய்வும் அங்கேதான் நடந்திருக்கின்றன. அதனால் இந்த மடலும் பெரும்பாலும் அமெரிக்கப் பெட்டிகளைப் பற்றியதே.

இவற்றில் செய்தவரின் கையொப்பம் உள்ளவை மிகக் குறைவு. பெயர், ஊர், ஆண்டு எதுவும் எழுதிவைக்காத பொருளுக்கு அதன் மரமும் ஆணியும் பசையும், உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத் துண்டும்தான் ஆவணம். பெட்டி ஒவ்வொரு முறை கைமாறும்போதும் அந்த ஆவணத்தில் கொஞ்சம் தேய்த்தோ, கழுவியோ, மெருகு பூசியோ அழிக்கப்படுகிறது. நல்லெண்ணத்தோடு நடக்கும் இந்த அழிவைத் தடுக்க வேண்டுமானால், அழிவது என்ன என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இக்கலைக்கு மரம் கொடுத்தது அமெரிக்க வரிச் சட்டம் என்றால் மிகையில்லை. உள்நாட்டுப் போருக்குப் பணம் திரட்ட 1862ல் மத்திய அரசு புகையிலைப் பொருட்கள் மீது தீர்வை விதித்தது. சுருட்டு உதிரியாக ஆலையை விட்டு வெளியேறினால் எத்தனைக்கு வரி கட்டியாயிற்று என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே குறித்த எண்ணிக்கையில் பெட்டியில் அடைத்து, தீர்வை முத்திரைத்தாள் ஒட்டித்தான் விற்பனைக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி அடுத்த சில ஆண்டுகளுக்குள் வந்தது. பெட்டியைத் திறந்தால் அந்தத் தாள் கிழிந்தாக வேண்டும். காலியான பெட்டியில் மறுபடி சுருட்டு அடைப்பது தண்டனைக்குரிய குற்றம். அந்த எச்சரிக்கையையே அச்சடித்துப் பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பார்கள். ஆக, நேர்த்தியாக இழைத்த ஒரு மரப்பெட்டி, ஒருமுறை காலியானதும் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்குச் சட்டப்படி உதவாமல் போயிற்று. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்நாட்டில் ஆண்டுக்குப் பல நூறு கோடிச் சுருட்டுகள் விற்றன. பெட்டிக்கு ஐம்பது, நூறு என்று கணக்கிட்டாலும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் காலிப்பெட்டிகள் சேர்ந்திருக்கும். அடுப்பெரிக்கப் போனவை போக மிஞ்சியவை தையல் சாமான் போடவும், ஆணி போட்டுவைக்கவும், பிள்ளைகளின் பென்சில் வைக்கவும் பயன்பட்டன. கத்தி பிடிக்கத் தெரிந்தவர் கையில் சிக்கியவை வேறு கதியை அடைந்தன.

நல்ல சுருட்டுப் பெட்டிக்குரிய மரம் ‘ஸ்பானிஷ் செடார்’. பெயரில் செடார் இருந்தாலும் இது தேவதாரு இனமல்ல. மகோகனி குடும்பத்து மரம். வேப்பமரமும் அதே குடும்பம்தான். செட்ரெலா ஒடோராட்டா என்பது அதன் தாவரவியல் பெயர். கரீபியத் தீவுகளிலும் மத்திய, தென் அமெரிக்க நாடுகளிலும் வளர்கிறது. செம்பழுப்பு நிறம், இலேசான எடை, வெட்டினால் பிசிறடிக்காத இழை, பூச்சி அண்டவிடாத வாசனை, ஈரம் ஏறி இறங்கினாலும் எளிதில் கோணாத தன்மை என்று சுருட்டைக் காக்க எவையெல்லாம் தேவைப்பட்டனவோ, அவையெல்லாம் செதுக்குகிறவருக்கும் வாய்ப்பாக அமைந்தன. பலகையின் கனம் மூன்று நான்கு மில்லிமீட்டர். பேனாக்கத்தியின் அலகு இரண்டு அழுத்தில் ஊடுருவிவிடும். கருங்காலியிலோ ஓக் மரத்திலோ இக்கலை பிறந்திருக்க முடியாது. விலை மலிந்த சுருட்டுக்கு பாப்லர் போன்ற வெளிறிய மரத்தில் பெட்டி செய்து, செடார் மரத்தின் இழையை மேலே அச்சடித்து ஏமாற்றுவதும் உண்டு. செதுக்கிய பல்லின் உட்புறம் வெளுத்தும் மேற்புறம் சிவந்தும் இருந்தால் அது இந்த வகைப் பலகையாக இருக்கலாம்.

சுருட்டுப் பலகை மட்டும் போதாது. ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய பலகையால் கனமான பெட்டிக்கு எலும்புக்கூடு கட்ட முடியாது. அதற்குக் கள்ளிப்பெட்டி மரம் கைகொடுத்தது. சோப்பு, பழம், உப்பிட்ட மீன், டின் சாமான் எதுவானாலும் அக்காலத்தில் மரக்கூடையிலோ கள்ளிப்பெட்டியிலோதான் ரயிலேறி வந்தது. உள்கூட்டைப் பைன் மரத்தில் ஆணியடித்து முடித்து, வெளிப்பக்கம் முழுவதையும் பல் வெட்டிய செடார் அடுக்குகளால் போர்த்துவது வழக்கமான முறை. அதனால் பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு மரம் இருக்கும். சேகரிப்போர் இதைக் கலப்படம் என்று எண்ண வேண்டியதில்லை. உள்ளும் புறமும் ஒரே மரமாக, அதுவும் புதிதாக அறுத்த பலகையாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

செய்முறையை ஒரு மூடியை வைத்துப் பார்க்கலாம். 20 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம் உள்ள மூடிக்கு முதலில் அதே அளவில் ஒரு பலகை. ஓரத்தில் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு பல் என்று வைத்தால் நான்கு பக்கமும் சேர்த்து 120 பல். ஒவ்வொரு பல்லுக்கும் கத்தி இருமுறை இறங்க வேண்டும்: வலமிருந்து ஒரு சாய்வு, இடமிருந்து ஒரு சாய்வு. நடுவிலிருந்து முக்கோணச் சில்லு தெறித்து விழும். அடுத்த அடுக்கு பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்வாங்கி 18க்கு 8 என்ற அளவில்; அதற்கு 104 பல். இப்படியே ஐந்து அடுக்கு ஏறினால் பல் மொத்தம் 440, கத்தி வெட்டு 880. இது ஒரு மூடியின் கணக்கு. நான்கு பக்கச் சுவர், இழுப்பறை முகப்பு, பீடம் என்று சேர்த்தால் பல்லாயிரம் வெட்டு. இரண்டு மூன்று அடுக்கோடு நின்றுவிட்ட பெட்டிகளும் உண்டு, பத்து அடுக்கைத் தாண்டியவையும் உண்டு. உண்மையைச் சொன்னால் சிலவற்றில் அழகைவிடப் பிடிவாதம் அதிகம். இடைவெளியே விடாமல் அப்பிய அடுக்குகள் கண்ணை உறுத்தும். ஆனால் நல்ல பெட்டியில் அடுக்கு ஏறும் அளவும் பல்லின் அளவும் சேர்ந்து இயங்கும்: மேலே போகப் போகப் பல் சிறுக்கும், நிழல் ஆழமாகும்.

கூர்ந்து பார்த்தால் பல்வரிசையில் கை தெரியும். மூலைக்கு வரும்போது இடம் போதாமல் கடைசி இரண்டு பல்லை நெருக்கியிருப்பார்கள், அல்லது ஒரு பல்லை அகலமாக்கிச் சமாளித்திருப்பார்கள். முதல் பக்கத்தில் பதறிய வெட்டு நான்காம் பக்கத்தில் சீராகியிருக்கும். கத்தி மழுங்கிய இடத்தில் இழை நசுங்கியிருக்கும். தீட்டிய பிறகு வெட்டிய இடத்தில் முகம் பளிச்சென்று வழவழப்பாக இருக்கும். கத்தி போதும் என்றாலும் கத்தி மட்டுமே பயன்பட்டது என்று சொல்வதற்கில்லை. வாள், அரம், உளி, பிடிச்சட்டம் எல்லாம் இருந்த வீட்டுப் பட்டறைகளில் உருவானவை பல. அடுக்குகளை வஜ்ஜிரப் பசையால் ஒட்டினார்கள், சிறு ஆணிகளாலும் அறைந்தார்கள். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

இதே காலத்தில் வேறொரு பொழுதுபோக்கும் பரவியிருந்தது. கம்பிவாள் கொண்டு பலகையில் பூவேலைத் துளைகள் அறுப்பது. அதற்கு அச்சிட்ட மாதிரித் தாள்கள் விற்றன, காலால் மிதித்து ஓட்டும் எந்திரங்கள் விற்றன. பல்வெட்டுப் பெட்டிகளுக்கு அப்படிப்பட்ட மாதிரிகளைப் பின்பற்றிய தடயம் அரிது. அதனால்தான் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. துளைவேலைப் பெட்டியையும் அடுக்குவேலைப் பெட்டியையும் விற்பனைப் பட்டியலில் ஒன்றாகப் போடுவது பழக்கமாகிவிட்டது, இரண்டும் வேறு.

அடுக்கு முறையோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு முறை ‘முள்முடி’ எனப்படுவது. இரு முனையும் கூர்சீவி, நடுவே காடி வெட்டிய சிறு குச்சிகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டே போவார்கள். ஆணி இல்லாமலும் பசை இல்லாமலும் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்; வெளிவிளிம்பு முழுக்க முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இயேசுவின் தலையில் சூட்டிய முள்முடியை நினைவூட்டுவதால் இப்பெயர். படச்சட்டங்களில் இது அதிகம், பெட்டிகளில் குறைவு. முள்முடிப் பெட்டியில் ஒரு குச்சி உடைந்தால் அதை மட்டும் மாற்றுவது எளிதல்ல. சுற்றியுள்ளவற்றைக் கோத்த வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். அனுபவமில்லாதவர் கை வைக்கக் கூடாத வேலை அது.

பெட்டிகளின் வகைக்கு அளவில்லை. நகைப்பெட்டி, கடிதப்பெட்டி, கழுத்துப்பட்டை வைக்கும் பெட்டி, சவரச் சாமான் பெட்டி, உண்டியல், மூடியின் மேல் குண்டூசி மெத்தை வைத்த தையல் பெட்டி, வீட்டுப் பூசைக்கான சிலுவைப் பீடம், பொம்மைக்கான இழுப்பறை எனப் பலவும் இருக்கின்றன. பீடத்தின் மேல் நிற்கும் பெட்டி ஒரு தனி வகை. அகன்ற அடி, ஒடுங்கிய இடை, மறுபடி அகன்ற மூடி. அலங்காரத்துக்குக் கையில் அகப்பட்டதெல்லாம் போயிருக்கிறது: பித்தளைத் தலை ஆணி, பீங்கான் குமிழ், கண்ணாடித் துண்டு, சட்டைப் பித்தான், உள்ளே வெல்வெட் துணி அல்லது சுவருக்கு ஒட்டும் பூப்போட்ட தாள். உருவங்களில் இதயமும் நட்சத்திரமும் முதலிடம். ஒரு பெண்ணுக்கென்று செய்ததாக இருந்தால் இதயத்துக்குள் இரண்டு பேரின் முதலெழுத்து. ஆட்ஃபெலோஸ் சங்கத்தின் மூன்று கண்ணிச் சங்கிலி, ஃப்ரீமேசன்களின் கவராயமும் மூலைமட்டமும் பொறித்தவையும் உண்டு. இப்படிப்பட்ட குறிகள் பெட்டியைச் செய்தவர் அல்லது பெற்றவர் யாரோடு பழகினார் என்பதற்கு நேரடிச் சான்று.

யார் செய்தார்கள் என்ற கேள்விக்குச் சந்தை இன்றும் சொல்லும் பதில், ஊர்சுற்றிகள் (ஆங்கிலத்தில் ‘டிராம்ப்’) என்பது. 1873 செப்டம்பரில் ஜே குக் நிறுவனத்தின் வங்கி முறிந்ததைத் தொடர்ந்து அமெரிக்காவில் நெடிய பொருளாதாரச் சரிவு ஏற்பட்டது. வேலையிழந்த ஆண்கள் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பண்ணை வீட்டில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் கொட்டகையில் ஓர் இரவுத் தூக்கத்துக்கும் ஈடாக அவர்கள் செதுக்கிக் கொடுத்தவைதான் இவை என்று கதை போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விற்கவும் உதவுகிறது.

இக்கதை எழுத்துக்கு வந்த விதத்தைப் பின்தொடரலாம். பென்சில்வேனியாவின் நாட்டார் கலை பற்றி நன்கு அறியப்பட்ட நூலை 1946ல் எழுதிய ஃபிரான்செஸ் லிக்டன், 1959ல் ‘பென்சில்வேனியா ஃபோக்லைஃப்’ இதழில் பேனாக்கத்தியும் சுருட்டுப் பெட்டியும் சேர்ந்த இந்த வேலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஊர்சுற்றிகளின் வேலை என்ற பெயர் அதில் நிலைபெற்றது. அதுவரை இவற்றுக்குப் பொதுப்பெயரே கிடையாது; வீட்டில் தாத்தா செய்த பெட்டி, அவ்வளவுதான். 1975ல் ஹெலேய்ன் ஃபெண்டல்மன் எழுதிய முதல் தனிநூலும், நாடோடியின் நாட்டார் கலை என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்துக்கொண்டது. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1998ல் கிளிஃபர்ட் வாலக், மைக்கேல் கார்னிஷ் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் வந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. நியூ மெக்சிகோ மாநிலம் சான்டா ஃபேயில் உள்ள சர்வதேச நாட்டார் கலை அருங்காட்சியகம் 2017ல் லாரா ஆடிசன் பொறுப்பில் நடத்திய ‘நோ ஐடில் ஹேண்ட்ஸ்’ கண்காட்சி, ஊர்சுற்றிக் கதையைக் கட்டுக்கதை என்றே எடுத்துப் பேசியது.

மறுப்புக்கான காரணங்களுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். பத்து அடுக்குப் பெட்டி மூட்டைக்குள் அடங்காது, ரயிலில் தொற்றிக்கொண்டு போகிறவர் அதைச் சுமக்க மாட்டார். பசை காயக் காத்திருக்க வேண்டும், அடுக்குகளை அழுத்தி வைக்க இடம் வேண்டும், ஒரே மாதிரியான பலகையைப் பல மாதம் சேர்த்து வைக்க வேண்டும். ஆளுயர அலமாரிகள் இதே முறையில் செய்யப்பட்டிருக்கின்றன. நிலையான கூரை இல்லாமல் அது நடக்காது. அதைவிட உறுதியானது, செய்தவரின் பெயர் குடும்ப வழியாகத் தெரியவரும் இடங்களில் அவர்கள் யாராக இருக்கிறார்கள் என்பது. ஆலைத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, விவசாயி, தச்சர், ஓய்வுபெற்ற முதியவர். பகலில் கூலிக்கு உழைத்து, மாலையில் அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து மனைவிக்கோ மகளுக்கோ செதுக்கியவர்கள். பெரும்பாலோர் ஆண்கள், பெண்கள் செய்தவையும் சில உண்டு. சிறைக்கைதிகளும் படைவீரர்களும் செய்திருக்கிறார்கள். ஊர்சுற்றி ஒருவர்கூடச் செய்யவில்லை என்று யாரும் சாதிக்கவில்லை. ஆனால் ஒரு பெட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் எண்ண வேண்டியது வீட்டுக்காரரைத்தான்.

இவர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் மரத்தின் முகத்தில் சிறு சில்லுகளாக வெட்டிக் கோலம் போடும் செதுக்கு முறை நூற்றாண்டுகளாக இருந்தது. ஜெர்மானியர் அதைக் ‘கெர்ப்ஷ்னிட்’ என்பர். காதலிக்குக் கொடுக்கும் கரண்டி, துணி தட்டும் பலகை, மணப்பெண்ணின் பெட்டி எல்லாவற்றிலும் அந்த வேலை உண்டு. தொழில் கற்று முடித்த இளைஞர் சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று வேலை பார்த்துத் தேர வேண்டும் என்ற வழக்கமும் ஜெர்மானியத் தொழிற்குழுக்களில் இருந்தது. ஊர்சுற்றிக் கதைக்கு வேர் இந்தப் பயணத் தொழிலாளரிடம் இருக்கிறது என்று சொல்வாரும் உண்டு. எப்படியானாலும் அமெரிக்காவுக்கு வந்தது செதுக்கும் பழக்கம். சுருட்டுப் பலகை அதற்கு அங்கே கிடைத்த மலிவான மேடை. தடித்த ஒரே மரத்தில் ஆழமாகச் செதுக்குவதற்குப் பதில், மெல்லிய பலகைகளை அடுக்கி ஆழத்தை உண்டாக்கினார்கள். பலகையின் கனம் குறைந்ததே அடுக்கு முறைக்குக் காரணம்.

மரம் தீர்ந்ததும் கலையும் தளர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின் சிகரெட் சுருட்டை முந்தியது. மிஞ்சிய சுருட்டுக்கும் அட்டைப்பெட்டி வந்தது. 1930களின் பெருமந்தத்தில் வேலையில்லாத கைகள் மறுபடி கத்தி எடுத்தன என்றாலும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செய்தவை சொற்பம்.

இனி பெட்டியைப் படிக்கும் முறை. மூடியை ரசிப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பி அடிப்பலகையைப் பார்ப்பதுதான் முறையான தொடக்கம். அங்கே சுருட்டாலையின் எண், வரி மாவட்டம், எத்தனை சுருட்டு என்ற எண்ணிக்கை சுட்டுப் பொறித்த எழுத்தில் இருக்கலாம். பல சமயம் பலகையை உள்பக்கமாகத் திருப்பி ஒட்டியிருப்பதால், இவ்வெழுத்துக்கள் இழுப்பறையின் அடியிலோ மூடியின் உட்புறத்திலோ பாதி தெரியும். ஆலை எண்ணும் மாவட்டமும் கிடைத்தால் சுருட்டு எந்த மாநிலத்தில் சுருட்டப்பட்டது என்று அறியலாம். பெட்டி அங்கேதான் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது; சுருட்டு நாடெங்கும் பயணித்த சரக்கு. முத்திரைத்தாளின் துண்டு ஒட்டியிருந்து அதில் ஆண்டுத் தொடர் தெரிந்தால், பெட்டி அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்பது மட்டும் உறுதி. ஒரு தொடர் பல ஆண்டு புழக்கத்தில் இருந்தது, பலகையும் கொட்டகையில் பல ஆண்டு கிடந்திருக்கலாம். முத்திரையில் உள்ள ஆண்டையே பெட்டியின் வயதாக எழுதிவிடும் விற்பனையாளர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அடுத்து ஆணி. தட்டையாக வெட்டிய ஆணிகளின் இடத்தைக் கம்பியாணி 1890களில்தான் பெருவாரியாகப் பிடித்தது. கீலில் நட்சத்திரப் பள்ளம் உள்ள ஃபிலிப்ஸ் திருகாணி இருந்தால் அது 1930களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்தக் கீல் பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்பதை மரத்தில் பழைய துளை இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். துப்பாக்கியால் அடிக்கும் ஸ்டேப்பிள் பின் கண்ணில் பட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. புறஊதா விளக்கும் உதவும். பழைய அரக்கு மெருகு அந்த வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். பிந்திய செயற்கைப் பூச்சும் பசையும் வேறு நிறம் காட்டும். அடுக்கின் இடுக்கில் மட்டும் ஒளி மாறுபட்டால் அங்கே பிற்காலப் பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது.

போலிகள் குறைவில்லை. 1970களுக்குப் பிறகு விலை ஏற ஏற, புதிதாகச் செய்து பழசென்று தள்ளிவிடுவதும் தொடங்கியது. பழைய சுருட்டுப் பெட்டிகள் இன்றும் மலிவாகக் கிடைப்பதால் மரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. வெட்டின் முகத்தைப் பார்க்க வேண்டும். நூறாண்டுக் காற்று பட்ட வெட்டு, பலகையின் மேற்பரப்போடு ஏறக்குறைய ஒரே பழுப்புக்கு வந்திருக்கும். புதிதாக வெட்டிச் சாயமேற்றியதில் பல்லின் ஆழத்தில் சாயம் தேங்கிக் கருத்திருக்கும், அல்லது எட்டாமல் வெளுத்திருக்கும். தேய்மானம் கை படும் இடத்தில் இருக்க வேண்டும்: மூடியின் முன்விளிம்பு, இழுப்பறைக் குமிழைச் சுற்றி, அடியின் நான்கு மூலை. யாரும் தொடாத பின்பக்கமும் முன்பக்கம் அளவுக்கே தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் செய்த வேலை. பல் அத்தனையும் மயிரிழை பிசகாமல் இருந்தால் எந்திரத்தைச் சந்தேகிக்கலாம். சமகாலக் கலைஞர்கள் சிலர் தம் பெயரையும் ஆண்டையும் பொறித்து இதே முறையில் நேர்மையாகச் செய்கிறார்கள், அவை போலிகளல்ல.

பெட்டிக்கு வரும் கேட்டில் பெரும்பகுதி சுத்தம் செய்யும் ஆர்வத்தால் வருகிறது. பூச்சை ரசாயனம் போட்டு உரித்தெடுப்பது முதல் தவறு. பல பெட்டிகளுக்கு அரக்கு மெருகோ வார்னிஷோ செய்தவரே பூசியது; சிலவற்றில் தங்க, வெள்ளி வண்ணமும் ஆதியிலேயே உண்டு. வண்ணம் பூசியதெல்லாம் பிற்காலக் கைங்கரியம் என்று எண்ணி உரித்துவிட்டால் திரும்ப வராது. ஆதிப் பூச்சா பிற்காலப் பூச்சா என்பதை அறிய ஓர் உடைந்த பல்லைப் பார்த்தால் போதும்: உடைந்த முகத்தின் மேலும் வண்ணம் படிந்திருந்தால் உடைந்த பிறகு பூசியது. இரண்டாவது தவறு எண்ணெய். ஆளி விதை எண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்ததும் மரம் பளபளக்கும். சில ஆண்டுகளில் எண்ணெய் கருத்து, ஆயிரக்கணக்கான பல்லிடுக்கில் தூசியைப் பிசினாகப் பிடித்துக்கொள்ளும். ஈரத்துணியும் வேண்டாம். வஜ்ஜிரப் பசை தண்ணீரில் இளகும்; உள்ளே ஒட்டிய தாளும் முத்திரையும் உரிந்துவிடும். மூன்றாவது, உள்தாளைக் கிழித்துவிட்டுப் புது வெல்வெட் ஒட்டுவது. இது செய்தவரைப் பற்றி எஞ்சியிருந்த ஒரே தடயத்தைக் குப்பையில் போடுவதாக முடியலாம்.

செய்ய வேண்டியவை எளியவை. மென்மயிர்த் தூரிகையால் பல் ஓடும் திசையில் தூசியைத் தள்ளி, முனையில் வலைத்துணி கட்டிய வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து இழுத்தால் போதும். நேரடி வெயிலும், வீட்டுச் சூடாக்கிகளின் வறண்ட காற்றும் ஆகாது. ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி நிலையாக இருப்பது நல்லது. அடுக்குகள் வெவ்வேறு திசையில் இழை ஓடும்படி ஒட்டப்பட்டிருப்பதால், ஈரம் திடீரென ஏறி இறங்கினால் ஒன்று சுருங்க மற்றது சுருங்காமல் பசை விட்டுப்போகும். செடார் பலகையைப் பூச்சி சீண்டாது, உள்கூட்டுப் பைன் மரத்தை விடாது. ஆகவே துளையும் மாவும் வெளியில் தெரியாமல் உள்ளே இருக்கும். இழுப்பறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உயிருள்ள பூச்சி இருந்தால் மருந்தடிப்பதைவிட, பாலித்தீனில் காற்றுப்புகாமல் சுற்றி, கழித்தல் 20 பாகை செல்சியஸ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைப்பது அருங்காட்சியகங்களில் கையாளும் முறை. பூச்சு விரிசலிட்ட பெட்டிகளுக்கும், கண்ணாடி பதித்தவற்றுக்கும் இதை நிபுணரைக் கேட்டே செய்ய வேண்டும்.

அடுக்கு பெயர்ந்து விழுந்தால், விழுந்த துண்டை ஒரு காகித உறையில் போட்டு எந்தப் பக்கத்தில் எந்த அடுக்கு என்று எழுதிவைக்க வேண்டும். மறுபடி ஒட்ட வஜ்ஜிரமே சரி. வெதுவெதுப்பான ஈரம் பட்டால் இளகும் என்பதால் பின்னால் வருகிறவர் சேதமில்லாமல் பிரிக்கலாம். எபாக்சியும் வெள்ளைப் பசையும் உறுதியாகப் பிடிக்கும், ஆனால் பிரிக்கும்போது மரத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். தொலைந்துபோன அடுக்குக்குப் பதில் செய்தால், பழைய சுருட்டுப் பலகையில் செய்து அதன் பின்புறத்தில் ஆண்டைப் பென்சிலால் குறித்துவிடுவது நேர்மை. ஒன்றிரண்டு பல் உடைந்திருப்பதை அப்படியே விடலாம்; அது விலையைப் பெரிதாகக் குறைப்பதில்லை.

விற்பனைக் குறிப்பு எழுதுவோர் மரம், அளவு, அடுக்கின் எண்ணிக்கை, பூச்சு, பழுது, அடிப்பலகையிலும் உள்தாளிலும் படிக்க முடிந்த எழுத்து ஆகியவற்றைக் குறித்தால் வாங்குகிறவருக்குத் தேவையான அனைத்தும் கிடைத்துவிடும். விற்கும் குடும்பத்தினருக்குச் செய்தவர் யார் என்பது நினைவிருந்தால் அந்தப் பெயரையும் ஊரையும் தொழிலையும் கேட்டு எழுதி, தாளைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். ஒட்ட வேண்டாம், அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதினால் மரத்துக்கும் கேடில்லை.